இரண்டாவது அம்பியூல்

தாதியர் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வருடம் எங்களுக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். பத்துக் கேள்விகள், பத்தும் மருந்துக் கணக்கு. டொக்டர் இத்தனை மில்லிகிராம் கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். போத்தலில் இத்தனை மில்லிலீற்றருக்குள் இத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அப்படியென்றால் நோயாளிக்கு எத்தனை மில்லிலீற்றர் கொடுப்பாய்? மற்றப் பாடங்களில் ஐம்பது எடுத்தால் சித்தி. இதில் மட்டும் பத்துக்குப் பத்து எடுக்க வேண்டும். ஒன்று பிழைத்தாலும் திரும்ப எழுத வேண்டும். மூன்று தரம் எழுதலாம். மூன்றாம் தரமும் பிழைத்தால் மற்றவர்கள் அடுத்த வருடத்துக்குப் போக, நாங்கள் கீழ்வகுப்போடு இருக்க வேண்டியதுதான்.

எனக்கு ஏழு கிடைத்தது.

விடைத்தாளைத் தந்த மிஸ் என்னை முன்னுக்கு வரச் சொன்னா. மெலிந்த, சத்தம் போடாமல் கதைக்கிற மனுசி. மேசையில் ஒரு ஜக் தண்ணீரும், மருந்து அளக்கிற சின்னப் பிளாஸ்டிக் கப் ஒன்றும், ஒரு சிரிஞ்சும் வைத்திருந்தா.

"ஆறு கிலோப் பிள்ளை. காய்ச்சல். கிலோவுக்குப் பதினைஞ்சு மில்லிகிராம் குடுக்க வேணும். பாணி மருந்தில ஐஞ்சு மில்லிக்கு நூற்றிருபது மில்லிகிராம் இருக்கு. நீங்கள் என்ன விடை எழுதியிருக்கிறீங்கள்?"

"முப்பத்தேழு தசம் ஐஞ்சு மில்லி, மிஸ்."

"அதை ஊத்திக் காட்டுங்கோ."

நான் ஊற்றினேன். அந்தக் கப்பில் முப்பது மில்லிதான் பிடிக்கும். விளிம்பு வரைக்கும் நிரம்பிவிட்டது. இன்னும் ஏழரை மில்லி ஊற்ற இடமில்லை.

"மிச்சம்?"

"இன்னொரு கப் வேணும், மிஸ்."

வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. "ஆறு கிலோப் பிள்ளை எண்டா எவ்வளவு பெரிசு? கையால காட்டுங்கோ பாப்பம்" என்றா. நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். என் கைகளுக்கு நடுவில் ஒரு பிள்ளை கிடக்கிற அளவு வெற்றிடம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் மேசையில் நிரம்பி வழியப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கப். சரியான விடை மூன்றே முக்கால் மில்லி. புள்ளியை ஒரு இடம் தள்ளி வைத்திருக்கிறேன்.

"சரி, போய் இருங்கோ" என்றா மிஸ். அவ்வளவுதான் சொன்னா. ஏசியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

கணக்கில் நான் ஏன் அப்படி இருந்தேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது சண்டை வந்து எங்கள் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பல மாதங்கள் நாங்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தோம். முகாமுக்கு வந்து, கூடாரத்துக்குள் நடந்த பள்ளிக்கூடத்துக்குப் போனபோது என்னை வயதுப்படி நாலாம் ஆண்டில் இருத்தினார்கள். அங்கே பெருக்கல் முடிந்து, வகுத்தலும் பாதி முடிந்திருந்தது. மற்றப் பிள்ளைகளும் என்னைப் போலத்தான். ஆனால் சிலருக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு எழுதப் படிக்க மட்டும் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. இருவருடைய பெற்றோரும் மலையகத்துத் தோட்டத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்தவர்கள். ஆகவே நான் வகுத்தலைக் கற்றுக்கொள்ளாமல், கற்றுக்கொண்ட மாதிரி இருக்கக் கற்றுக்கொண்டேன். தசமப் புள்ளியை எங்கே வைப்பது என்று தெரியாத இடத்தில் அழகாக இருக்கிற இடத்தில் வைப்பேன். பத்தில் ஏழு தரம் அது சரியாக வரும். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு சி எடுத்ததும் அப்படித்தான்.

பரீட்சையில் பிழைவிட்டவர்கள் பன்னிரண்டு பேர். அதில் ஒருத்தி என் அறைத்தோழி. சிங்களப் பிள்ளை, வவுனியாவுக்குத் தெற்கே ஒரு குளத்தோரக் கிராமத்திலிருந்து வந்தவள். அவளுடைய தமிழ் "வாங்க", "சாப்பிட்டாச்சா" என்பதோடு முடிந்துவிடும். என்னுடைய சிங்களம் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் சொல்வதற்குத்தான் காணும். பாடங்கள் இங்கிலிஷில் நடந்தன. இரண்டு பேருக்கும் அதுவும் அரைகுறை. மூன்று மாதமாக ஒரே அறையில் இருந்தும் சிரிப்பதும், சவர்க்காரம் கடன் கேட்பதும், மின்விசிறியைக் கூட்டிக் குறைப்பதும் தவிர நாங்கள் பெரிதாக ஒன்றும் கதைத்ததில்லை.

அவளுக்கு எட்டு. விடைத்தாள்களைக் கட்டிலில் விரித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் விளங்கியது. அவள் விட்ட இரண்டு பிழையிலும் கணக்கு அப்படியே சரி. கேள்வியைத்தான் பிழையாக விளங்கியிருந்தாள். 'ஒரு நாளைக்கு இவ்வளவு, அதை நாலு வேளையாகப் பிரித்துக் கொடு' என்றிருந்த இடத்தில் பிரிக்கச் சொன்ன சொல்லை விட்டுவிட்டு, முழு நாளைய மருந்தையும் ஒரே வேளையில் கொடுத்திருந்தாள். எனக்குக் கேள்வி விளங்கியது, கணக்கு வரவில்லை. அவளுக்குக் கணக்கு வந்தது, கேள்வி விளங்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அவளே கொப்பியைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மண்டபத்துக்கு வந்தாள். நான் கேள்வியை அவளுக்குப் படமாகக் கீறிக் காட்டினேன். ஒரு சூரியன், நாலு கோப்பை, ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு அம்புக்குறி. அவள் தலையாட்டினாள். பிறகு இரண்டு பேரும் தனித்தனித் தாளில் கணக்கைச் செய்து, தாளைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்பினோம். அவள் என் விடையைப் பார்த்துவிட்டு விரலால் மேசையில் தட்டினாள்.

"வெடி!" என்றாள். "வெடி, வெடி!"

வன்னியில் வளர்ந்த ஒருத்திக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் அகல விரித்து, "வெடி" என்றாள். கைகளைக் கிட்டக் கொண்டுவந்து, "அடு" என்றாள். சிங்களத்தில் 'வெடி' என்றால் கூட. 'அடு' என்றால் குறைவு. நான் எழுதிய மருந்து கூடிப்போய்விட்டது என்று சொல்லியிருக்கிறாள்.

தமிழில் வெடி என்றால் என்ன என்று நான் அவளுக்கு நடித்துக் காட்டினேன். சிரிப்பதற்குத்தான் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்துவிட்டு, "என்ர மாமா ஆமி" என்று தன் தமிழில் சொன்னாள். பிறகு கையைக் கீழே காட்டி, "இல்லை இப்ப" என்றாள். என் அம்மாவின் தம்பியும் இல்லை என்பதை நான் சொன்னேன். அதற்கு மேல் கதைக்க இரண்டு பேரிடமும் பாஷை இருக்கவில்லை. இருந்திருந்தாலும் என்ன கதைத்திருப்போம் என்று தெரியவில்லை. அவள் அடுத்த கேள்வியைத் திருப்பினாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. கணக்கைத் தொடங்குவதற்கு முன்பே தாளின் மூலையில் ஏதோ ஒரு சின்ன எழுத்து எழுதுவாள். என்னவென்று கேட்டேன். கைகளை விரித்தும் கிட்டக் கொண்டுவந்தும் காட்டினாள். விடை போத்தலில் சொன்ன அளவை விடக் கூடவா குறைவா என்று முதலிலேயே எழுதிவைக்கிறாளாம். ஐந்து மில்லியில் நூற்றிருபது மில்லிகிராம் இருக்கிறது. பிள்ளைக்கு வேண்டியது தொண்ணூறு. தொண்ணூறு நூற்றிருபதை விடக் குறைவு. ஆகவே விடையும் ஐந்து மில்லியை விடக் குறைய வேண்டும். கணக்கே தேவையில்லை, அவ்வளவையும் பார்த்தவுடனே சொல்லலாம். அதற்குப் பிறகு முப்பத்தேழரை வந்தால் உனக்கே தெரிந்துவிடும், எங்கேயோ புள்ளி போய்விட்டது என்று.

பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடம் போன எனக்கு, விடை வருவதற்கு முன்னால் விடையைப் பற்றி யோசிக்கலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரைக்கும் விடை என்பது எனக்கு வெளியிலிருந்து வருகிற ஒன்று. வாத்தியார் சரி போட்டால் சரி, பிழை போட்டால் பிழை.

இரண்டாம் தரம் எழுதியபோது அவள் பத்து எடுத்தாள். எனக்கு ஒன்பது. மூன்றாம் தரத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. இனி அவளுக்கு என்னோடு மினக்கெட வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் பின்னேரம் நாலு மணிக்குக் கொப்பியோடு வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

இடையில் ஒரு சனி ஞாயிறு வீட்டுக்குப் போனேன். பரந்தனில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து உள்ளுக்குப் போக வேண்டும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற பக்கம்தான் எங்கள் வயல். அப்பா காலையிலேயே வரம்பில் நின்று களைநாசினி கலந்துகொண்டிருந்தார். முதுகில் கொழுவுகிற தாங்கிக்குள் தண்ணீரை விட்டு, மருந்துப் போத்தலின் மூடியால் நாலு தரம் அளந்து ஊற்றினார். என்னிடம் புதிதாக வந்திருந்த வியாதி அது: எங்கே அளவைக் கண்டாலும் கணக்குப் பார்ப்பது. போத்தலை வாங்கி வாசித்தேன். பத்து லீற்றர் தண்ணீருக்கு ஐம்பது மில்லி. தாங்கி பதினாறு லீற்றர். எண்பது மில்லி வேண்டும்.

"அப்பா, மூடியில எத்தனை மில்லி புடிக்கும்?"

எங்கள் வீட்டில் இன்னும் மலைநாட்டுப் பேச்சுத்தான். வெளியே 'எண்டு', வீட்டுக்குள் 'ன்னு'.

"மூடின்னா மூடிதான் புள்ள. எப்பவும் நாலு மூடிதான் ஊத்துறேன்."

பயிற்சிக்குத் தந்த பத்து மில்லி சிரிஞ்ச் ஒன்று என் பையில் இருந்தது. மூடியைக் கழுவி, தண்ணீரை இழுத்து விட்டுப் பார்த்தேன். மூன்று தரம் விட வேண்டியிருந்தது. முப்பது மில்லி. நாலு மூடி நூற்றிருபது. அப்பா அரைவாசி மடங்கு கூடுதலாக அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வேலிக் கதியாலில் தலைகீழாகக் குத்தியிருந்த பழைய போத்தலைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதன் மூடியை அளந்தேன். இருபது. நாலு மூடி எண்பது. அப்பாவின் கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. இந்தப் போகம் போத்தல் மாறியதும் மூடி பெருத்துவிட்டது. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"அதான் போன தடவ மருந்தடிச்சதும் நெல்லு நுனி மஞ்சளாச்சு" என்றார். என்னைப் புகழவும் இல்லை, தன்னை நொந்துகொள்ளவும் இல்லை. பழைய மூடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் எந்தப் போத்தல் வாங்கினாலும் அந்த மூடியால்தான் அளக்கிறார்.

மூன்றாம் தரம் எனக்குப் பத்து. அறைத்தோழி என் விடைத்தாளைப் பறித்துக்கொண்டு விடுதி முழுக்க ஓடினாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. இனி மருந்துக் கணக்கு எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

இரண்டாம் வருடம் என்னைச் சிறுவர் வார்ட்டில் போட்டார்கள். எங்கள் மாவட்டங்களில் உள்ள ஒரு ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும். அங்கே காலையில் பயிற்சிப் பிள்ளைகளின் முதல் வேலை எல்லாப் பிள்ளைகளையும் நிறுப்பது. பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்துத்தான் மருந்து. கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் தராசு, நிற்கக் கூடியவர்களுக்கு ஏறி நிற்கிற தராசு. நான் முதலில் குழந்தைகளை நிறுத்தேன், பிறகு பெரிய பிள்ளைகளை. ஒவ்வொரு நிறையையும் பேனையால் உள்ளங்கையில் குறித்துக்கொண்டேன். பிறகு கட்டில் வரிசைப்படி போய், ஒவ்வொரு பிள்ளையின் அட்டையிலும் எழுதினேன். நிறுத்த வரிசை வேறு, எழுதிய வரிசை வேறு என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன் என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

பத்து மணிக்கு டொக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பெருங்கூட்டம். ஐந்தாம் கட்டிலில் எட்டு மாதப் பெண்குழந்தை, காய்ச்சலும் கிருமித் தொற்றும். ஒரு ஊசிமருந்து எழுதியிருந்தார், தொண்ணூறு மில்லிகிராம். அந்த மருந்து அம்பியூல் என்கிற சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும். ஒரு அம்பியூல் இரண்டு மில்லி, அதற்குள் எண்பது மில்லிகிராம்.

ஊசி போடுவதற்கு முன் இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். வார்ட்டில் பதினைந்து வருடம் வேலை செய்த தாதி மிஸ் ஒருத்தர் என்னைக் கூப்பிட்டா.

"எத்தினை மில்லி?"

நான் அட்டையைப் பார்த்தேன். நிறை பதினெட்டு கிலோ. கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம். தொண்ணூறு சரி. தொண்ணூறை எண்பதால் பிரித்து இரண்டால் பெருக்கினேன்.

"ரெண்டேகால், மிஸ்."

"எனக்கும் ரெண்டேகால்தான்" என்றா. முதல் அம்பியூலை உடைத்துச் சிரிஞ்சில் முழுவதும் இழுத்தா. இரண்டாவது அம்பியூலை எடுத்து, கழுத்தில் அரத்தால் ஒரு கீறு போட்டா.

அறைத்தோழியின் குரல் அப்போது காதில் ஒலித்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் ஒலிக்கவில்லை. விடையை முன்கூட்டியே யோசிக்கிற பழக்கத்தையும் அன்றைக்கு நான் மறந்துபோயிருந்தேன். இரண்டாவது அம்பியூலைக் கண்டதும் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். கணக்கை மனதுக்குள் திரும்பச் செய்தேன். ரெண்டேகால். இன்னொரு தரம். ரெண்டேகால். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பத்துக்குப் பத்து.

"மிஸ்..."

"என்ன?"

"கொஞ்சம் கூட மாதிரிக் கிடக்கு."

அவா நிமிர்ந்தா. வேலை நெருக்கத்தில் இருந்தா. "கணக்குப் பிழையோ?"

"இல்லை மிஸ். கணக்குச் சரி."

"அப்ப?"

"பிள்ளை சின்னன்" என்றேன்.

மிஸ் என்னைப் பார்த்தா. பிறகு திரும்பி ஐந்தாம் கட்டிலைப் பார்த்தா. குழந்தை தாயின் மடியில் நித்திரை. ஒரு கால் மட்டும் துணிக்கு வெளியே தெரிந்தது. மிஸ் கையிலிருந்த அம்பியூலைத் தட்டில் மெதுவாக வைத்தா. "தூக்கிக்கொண்டு வாங்கோ, நிறுப்பம்."

எட்டு கிலோ நூறு கிராம்.

நாலாம் கட்டிலில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளுடைய அட்டையை எடுத்துப் பார்த்தோம். எட்டு கிலோ நூறு என்று எழுதியிருந்தது. அதை வைத்து அவளுக்கு எந்த மருந்தும் இன்னும் எழுதப்படவில்லை.

"ஆர் இந்த நிறையை எழுதினது?"

அட்டையில் எழுதியவரின் பெயர் போடுகிற வழக்கம் இல்லை. ஆனால் எட்டை நான் இரண்டு சின்ன வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் எழுதுவேன். அந்த வார்ட்டில் வேறு யாரும் அப்படி எழுதுவதில்லை. மிஸ்ஸுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

பொய் சொல்ல நினைத்தேனா? நினைத்தேன். அரை நிமிடம் இருக்கும். அந்த அரை நிமிடத்தில் அந்த மிஸ்ஸின் கண்ணுக்கு நான் ஒரு கெட்டிக்காரி. எல்லோரும் விட்ட பிழையைக் கண்டுபிடித்தவள். அந்த இடத்திலிருந்து இறங்கி வருவது கஷ்டமாக இருந்தது.

"நான்தான், மிஸ்."

மிஸ் உடனே டொக்டருக்கு ஆள் அனுப்பினா. அவர் வந்து, அட்டையைப் பார்த்து, தான் எழுதியதை வெட்டி, நாற்பது மில்லிகிராம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். "நான் பிள்ளையைப் பாத்திட்டு நம்பரைப் பாத்திருக்க வேணும்" என்று தனக்குத்தானே சொன்ன மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார். மிஸ் சிரிஞ்சில் இருந்ததை வெளியேற்றிவிட்டு, புதிதாக ஒரு மில்லி மட்டும் இழுத்தா. ஊசி போட்டாயிற்று. குழந்தை விழித்து, வீரிட்டு அழுது, பிறகு தாயின் தோளில் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் மிஸ் என்னோடு கதைத்தா.

"நடந்ததைப் புத்தகத்தில எழுத வேணும். நீங்களே எழுதுங்கோ. வார்ட்டுப் பொறுப்பான பெரிய மிஸ் வந்தா நானும் வாறன், ரெண்டு பேருமாச் சொல்லுவம். நானும்தானே பாக்காமல் விட்டனான்." பேனையை என்னிடம் நீட்டிக்கொண்டு, "தாயிட்டையும் நீங்கதான் சொல்ல வேணும்" என்றா.

புத்தகத்தில் எழுதுவது இலேசாக இருந்தது. தாயிடம் போவதுதான் பாரம். முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து வந்திருந்த பெண். என்னை விட நாலைந்து வயது கூட இருக்கும். கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, நான் நிறையை மாற்றி எழுதிவிட்டதையும், அதனால் கூடுதலான மருந்து போடப் பார்த்ததையும், போடுவதற்கு முன் கண்டுவிட்டதையும் சொன்னேன். வசனம் வசனமாக மனப்பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். நடுவில் எல்லாம் குழம்பிவிட்டது.

அவா கேட்டுக்கொண்டிருந்தா. "இப்ப போட்ட ஊசி சரிதானே?"

"ஓம் அக்கா. சரியான அளவு."

"முதல் எத்தினை கிலோ எண்டு எழுதினீங்கள்?"

"பதினெட்டு."

அவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையாகவே சிரித்தா. "பதினெட்டுக் கிலோ எண்டா நான் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பனோ?" பிறகு சிரிப்பு நின்றது. பையைத் திறந்து, பொலித்தீனில் சுற்றியிருந்த பிள்ளையின் கிளினிக் கொப்பியை எடுத்தா. மாதம் மாதம் நிறை குறித்திருந்த பக்கத்தை விரித்து, கடைசிப் புள்ளியில் விரலை வைத்தா. "போன மாதம் எட்டு இருநூற்றைம்பது. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனே, பிள்ளை."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்குள் இறங்கியது. டொக்டரும் மிஸ்ஸும் நானும் அந்த நிறையை எடுத்துக் கணக்குப் பார்த்தோம். மூன்று பேருக்கும் கணக்கு ஒத்து வந்தது. அந்த அறையில் விடையை முன்கூட்டியே அறிந்திருந்தவர் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு இரண்டு அடி தள்ளி இருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவாவின் முகம் மாறிவிட்டது.

"இப்ப எத்தினை எண்டு சொன்னீங்கள்?"

"எட்டு நூறு."

"அப்ப குறைஞ்சு போச்சு" என்றா. கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு குழந்தையின் தொடையைப் பிடித்துப் பார்த்தா. "நூற்றைம்பது கிராம் குறைஞ்சு போச்சு. நாலு நாளாப் பாலே குடிக்கேல்லை. ஐயோ, குறைஞ்சு போச்சு."

அவாவுடைய கவலை அதுதான். கூடுதலான மருந்து போட இருந்த கதை அவாவைப் பொறுத்தவரையில் முடிந்துவிட்டது. காய்ச்சலில் நிறை குறைவது வழமை, பால் குடிக்கத் தொடங்கினால் திரும்ப ஏறும் என்று நான் விளக்கினேன். பாடத்தில் படித்ததுதான். அவா கேட்டாவா இல்லையா தெரியாது. கையைத் தொடையிலிருந்து எடுக்கவில்லை.

பின்னேரம் விடுதியில் அறைத்தோழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வருடத்தில் அவளுடைய தமிழ் நன்றாகத் தேறியிருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு, "பிள்ளை?" என்று மட்டும் கேட்டாள். நல்லம் என்றேன். என்னைத் தேற்ற முயலவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் இன்னும் அழியாமல் கிடந்த இலக்கங்களைப் பார்த்தாள். எழுந்து போய்ச் சவர்க்காரத்தைக் கொண்டுவந்து தந்தாள். அடுத்த நாள் தன் சீருடைப் பைக்குள் இருந்த சின்னக் கொப்பியைப் பாதியாகக் கிழித்து, நூலால் தைத்து, ஒரு பாதியை எனக்குத் தந்தாள்.

பெரிய மிஸ் என்னை இரண்டு நாள் மருந்துத் தட்டிலிருந்து விலக்கி வைத்தா. அதன்பிறகு திரும்பச் சேர்த்துக்கொண்டா. வார்ட்டில் சிலர் என்னைப் பார்த்தால் "பதினெட்டுக் கிலோ" என்று கூப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் அதுவும் விட்டுப்போனது.

அந்தத் தாயும் பிள்ளையும் இன்னும் ஆறு நாள் இருந்தார்கள். ஒவ்வொரு காலையும் நான் தொட்டில் தராசைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய்விடுவேன். அட்டையைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். தாய் குழந்தையைக் கிடத்திவிட்டு, குனிந்து, இலக்கத்தைத் தானே வாசிப்பா. அவா வாசித்த பிறகுதான் நான் எழுதுவேன். எட்டு நூறு. எட்டு நூறு. எட்டு நூற்றைம்பது. டொக்டர் துண்டு வெட்டி அவர்களை வீட்டுக்கு அனுப்புகிற நாள் காலை குழந்தை தராசில் கால்களை அடித்துக்கொண்டு அசைந்ததில் இலக்கம் நிற்கவே இல்லை. ஏறி இறங்கி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் எழுதுவதற்குப் பேனையைத் திறந்துகொண்டு நின்றேன்.

"பொறுங்கோ" என்றா தாய். "அவாவின்ர ஆட்டம் நிக்கட்டும்."

நாங்கள் இரண்டு பேரும் குனிந்தபடியே காத்துக்கொண்டு நின்றோம்.